கண்ணாடியில் ஒரு கை

ஸ்ப்ளிட் நகரத் துறைமுகத்தில் நின்ற அந்தச் சொகுசுப் படகில் ஒரு விரல் ரேகைகூடத் தெரியக்கூடாது என்பது சட்டம். புதிதாக வேலைக்குச் சேர்ந்த திஹானா, கூடத்துக் கண்ணாடிக் கதவைப் பளபளவென்று துடைத்துவிட்டாள்.

"அடிப்பாவி! முதலாளியோட செத்துப்போன மக வச்ச கைத்தடம்டி அது!" என்று பதறினாள் மூத்த பணிப்பெண் யாஸ்னா.

திஹானா துடைத்த துணியைப் போட்டுவிட்டு அழத் தொடங்கினாள்.

"ஐயோ அக்கா... இப்ப என்ன பண்றது?"

"அழாதே. வருஷா வருஷம் புதுசா வர்றவ எவளாவது துடைச்சிடுறா. என் மகளைக் கூட்டியாந்து கை வைக்கச் சொல்லிடுவேன். அவருக்குத் தெரியாது."

மாலையில் வந்த முதலாளி, கண்ணாடியிலிருந்த தடத்தைத் தொடாமல் தன் கையை அருகே வைத்துப் பார்த்தார்.

"போன வருஷத்தைவிட விரல் நீண்டிருக்கு, யாஸ்னா," என்றார் மெல்ல. "இருந்திருந்தா என் பொண்ணும் இந்நேரம் இவ்வளவு வளர்ந்திருப்பா, இல்ல?"