கடைசியில் ஒரு கேள்வி

“நிறுத்து. முதல்லேருந்து சொல்லு.”

அக்கா கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்துவிட்டுக் கண்களைத் தேய்த்துக்கொண்டாள்.

எதிரே உட்கார்ந்திருந்த பெண் மறுபடியும் தன்னை அறிமுகப்படுத்திக்கொள்ள ஆரம்பித்தாள்.

அக்காவின் கணினி வகுப்பில் அந்தப் பெண்ணுக்குப் புயல் என்று பெயர். வாயைத் திறந்தால் படிப்பு, மார்க், கற்றுக்கொண்ட கணினி மொழிகள் எல்லாம் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து, கேட்பவர் காதில் ஒன்றும் தேறாது.

கையில் சரக்கு இருந்தது. புரோகிராமில் பிழை எங்கே என்று கேட்டால், மற்றவர்கள் திரையைப் படித்து முடிப்பதற்குள் விரலை வைத்துவிடுவாள். ஆனால் நேர்காணலில் விரலையா பார்க்கிறார்கள்?

போன கம்பெனிகளெல்லாம் சொல்லியனுப்புகிறோம் என்றன. ஒன்றும் சொல்லியனுப்பவில்லை. இந்தத் தடவையும் நடக்காவிட்டால் அண்ணனின் செருப்புக் கடையில் போய் உட்கார வேண்டியதுதான் என்று வீட்டில் பேசி முடித்துவிட்டார்கள்.

காலையில் அக்காதான் போன் செய்து, ஒரு இடத்தில் ட்ரெய்னர் வேலை இருக்கிறது, கிளம்பி வா என்றாள். எந்த இடம் என்று கேட்கக்கூடத் தோன்றாமல் புயல் ஓடி வந்திருந்தாள். வந்த வேகத்தில் சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டிருந்தாள்.

அக்கா தன் கழுத்தைத் தொட்டுக் காட்டினாள். அவள் நாக்கைக் கடித்துக்கொண்டு சரிசெய்தாள்.

அந்தச் சின்னப் பயிற்சி மையத்தில் பாடம் எடுப்பது, வராத பிள்ளைக்குப் போன் போடுவது, நேர்காணலுக்குத் தயார் பண்ணுவது எல்லாம் அக்கா ஒருத்திதான். இந்த நாற்காலியில் உட்கார வைத்து எத்தனை பேரைக் கேள்வி கேட்டிருப்பாள் என்று அவளுக்கே தெரியாது. வேலை கிடைத்ததும் கழுத்தில் அடையாள அட்டை தொங்க ஒரு படம் அனுப்புவார்கள். அதற்கப்புறம் ஆளைக் காணோம்.

அதுவும் சரிதான். போகத்தானே அனுப்பியது.

இந்த முறை அறிமுகம் ஓரளவு பரவாயில்லை. ஆனாலும் பாதியில் வண்டி வேகமெடுத்துவிட்டது.

இப்படியே விட்டுவிடலாமா என்று அக்காவுக்கு ஒரு கணம் தோன்றியது.

இது போதும், போய் வா என்று சொன்னால் யார் வந்து கேட்கப்போகிறார்கள்? இந்தப் பெண்கூடக் கேட்கமாட்டாள். நன்றி சொல்லிவிட்டுத்தான் போவாள்.

அக்கா மின்விசிறி சுற்றுவதையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்புறம் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டாள்.

“என்ன, ரயிலா கிளம்பப்போகுது? ஒரு விஷயத்தைச் சொல்லு. மூச்சு விடு. எதிர்ல இருக்கறவர் முகத்தைப் பாரு. அப்புறம் அடுத்தது.”

சொன்னாள். மூச்சு விட்டாள். முகத்தைப் பார்த்தாள்.

“இப்ப எனக்கு ஒண்ணுமே தெரியாதுன்னு வெச்சுக்கோ. புரோகிராம்ல லூப்னா என்ன?”

புயல் கூரையை ஒரு தடவை பார்த்தாள். “துணி காயப்போடற மாதிரிக்கா. வாளியில துணி இருக்கற வரைக்கும் எடு, உதறு, கொடியில போடு. வாளி காலியானா நிறுத்து. நிறுத்தச் சொல்லலைன்னா வெறும் வாளிக்குள்ளயே கையை விட்டுத் துழாவிக்கிட்டிருக்கும், பாவம்.”

அக்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இதை அவள் சொல்லிக்கொடுத்ததில்லை. அவள் எப்போதும் வாய்ப்பாட்டை வைத்துத்தான் சொல்வாள். பாதி வகுப்பு கொட்டாவி விடும்.

இவள் நன்றாகச் சொல்லிக்கொடுப்பாள் என்று தெரிந்துபோயிற்று. தெரிந்ததும் தோளில் யாரோ ஏறி உட்கார்ந்த மாதிரி இருந்தது.

“கேக்க வேண்டியதை இன்னைக்கே கேட்டுடு. ஞாயித்துக்கிழமை வரமுடியாதுன்னு முதல்லயே சொல்லிடு. ரெண்டு பேட்சுக்கு நடுவுல உக்காந்து சாப்பிட நேரம் வேணும்னு சொல்லு. அப்புறம் பாத்துக்கலாம்னு விட்டா விட்டதுதான்.”

“இதெல்லாம் எப்படிக்கா தெரியும்?”

“எல்லா இடத்துலயும் இப்படித்தான்.”

அக்கா எழுந்து போய்ப் பலகையை அழிக்க ஆரம்பித்தாள். நேற்றைய பாடம் ஓரங்களில் அழியாமல் ஒட்டிக்கொண்டிருந்தது.

“கடைசியில, உங்களுக்கு ஏதாவது கேக்கணுமான்னு கேப்பாங்க. இல்லைன்னு சொல்லிடாதே. என்ன கேப்பே?”

புயல் அவசரப்படவில்லை. நன்றாக யோசித்துத்தான் கேட்டாள்.

“இதுக்கு முன்னாடி இந்த வேலையைப் பாத்தவங்க ஏன் போனாங்கன்னு கேக்கட்டுமாக்கா?”

பலகையில் அக்காவின் கை நின்றது. மறுபடியும் ஓடியது.

“நல்ல கேள்வி. ஆனா அதைக் கேக்காதே. புதுசா என்ன பாடம் சேக்கப்போறாங்கன்னு கேளு. சந்தோஷப்படுவாங்க.”

“சரிக்கா.” சர்டிபிகேட் உறையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு எழுந்தாள். “எங்கக்கா போகணும்? இந்நேரத்துக்குப் பஸ் இருக்குமா?”

“பஸ்ஸெல்லாம் வேண்டாம். படி இறங்கினா, நம்ம டைரக்டர் ரூம்.”

புயல் கதவுவரை போய் நின்றாள். திரும்பினாள். காலியாக இருந்த அக்காவின் நாற்காலியைப் பார்த்தாள். அப்புறம் அக்காவின் முதுகைப் பார்த்தாள்.

“போம்மா” என்றாள் அக்கா, பலகையைத் துடைத்தபடியே. “அவருக்குக் காக்கவெச்சா பிடிக்காது.”