இயற்பியல் 016

இயற்பியலில் பதினாறு வாங்கித் தேறியவள் கோவில்பட்டியில் மட்டுமல்ல, வானத்துக்குக் கீழேயே அவள் ஒருத்திதான்.

நம்ப வேண்டாம். அன்று காலை அவளே நம்பவில்லை.

பிரவுசிங் சென்டரில் ப்ளஸ் டூ ரிசல்ட் தாளை வாங்கியதும் மதிப்பெண்களைக் கட்டைவிரலால் மூடிக்கொண்டாள். பயந்த பிள்ளைகள் எல்லோரும் பார்க்கிற விதம் அதுதான். விரலை மயிரிழை மயிரிழையாக நகர்த்தினாள். ஒரு கட்டத்தைத் தாண்ட ஒரு யுகம் ஆனது.

தமிழ் தப்பித்தது. ஆங்கிலம் தப்பித்தது. கணக்குகூடத் தப்பித்தது.

இயற்பியல். முதல் கட்டம். 016.

விரல் அங்கேயே நின்றுவிட்டது.

தாளை எட்டாக மடித்தாள். பதினாறாக மடித்தாள். முடிந்திருந்தால் மிளகளவுக்கு மடித்து விழுங்கியிருப்பாள்.

வீட்டுக்கு வந்து கதவிடுக்கில் உட்கார்ந்து அழுதாள். பத்து நாளைக்கு ஒருமுறை அந்தத் தெருக் குழாயில் வரும் தண்ணீர் அந்த அழுகைக்கு உறைபோடக் காணாது.

தேறினால் நர்சிங். தவறினால் திங்கட்கிழமை முதல் தீப்பெட்டி ஆபீஸ்.

அத்தை தங்கபுஷ்பம் அங்கே சூப்பர்வைசர். இடம்கூடச் சொல்லிவைத்தாகிவிட்டது. அந்தக் குடும்பத்தில் இதற்கு முன் ப்ளஸ் டூ பரீட்சை ஹாலை எட்டிப்பார்த்தவள் அத்தை ஒருத்திதான். அதனால் படிப்பு விஷயத்தில் அவள் வைத்ததே சட்டம்.

"முப்பத்தஞ்சு எங்க, பதினாறு எங்க? ஏழு மணிக்கு வேன் வந்துரும். தூக்குவாளி மட்டும் புதுசா வாங்கிக்க, போதும்."

அவள் நர்சிங் விண்ணப்பத்தில் ஒட்டியிருந்த தன் புகைப்படத்தை நகத்தால் பெயர்த்துக்கொண்டிருந்தாள். பாதி முகம்தான் வந்தது.

அம்மாவுக்கு எழுத்து தெரியாது. எண் தெரியும். மகள் கையிலிருந்த தாளைப் பிடுங்கி, மடிப்பு மடிப்பாகப் பிரித்து, தொடையில் வைத்து நீவினாள்.

"பதினாறுக்குப் பக்கத்துல இருவதுன்னு இருக்கே. இது ஆருக்கு?"

"எனக்குத்தான். ப்ராக்டிகல்."

"இந்தப் பத்து?"

"அதுவும் எனக்குத்தான். இன்டர்னல்."

"பெறகு ஏம்ட்டி ரெண்டையும் அநாதையா விட்டுட்டு வந்த?"

அத்தை சிரித்தாள். "மதினி, இது என்ன காய்கறிக் கடையா, எல்லாத்தையும் கூட்டிப் போட? பதினாறு எடுத்துட்டு எவளும் பாஸானதா சரித்திரமே இல்ல."

மகள் முகத்தைத் துடைத்தாள்.

எழுத்துத் தேர்வில் பதினைந்து இருந்தால் போதும். எல்லாம் சேர்ந்து முப்பத்தைந்து வர வேண்டும். இயற்பியல் வாத்தியார் இதை வருஷம் முழுக்கச் சொன்னார். வகுப்புச் சுவரைக் கேட்டாலும் ஒப்பிக்கும். அவளுக்குத்தான் அந்தக் கட்டத்தைப் பார்த்ததும் எல்லாம் மறந்துபோனது.

"கடைசிக் கட்டத்தப் பாருங்கத்தே." குரல் கிழிந்து வந்தது.

அத்தை தாளை ஜன்னலோரம் கொண்டுபோனாள். கையை நீட்டி, எட்ட வைத்துப் பார்த்தாள். மூக்கில் இடிக்கிற மாதிரி பார்த்தாள். திருப்பி, முதுகுப் பக்கத்தையும் விடவில்லை.

046. அதற்கு அடுத்து P.

பதினாறைத் தொட்டாள். இருபதைத் தொட்டாள். பத்தைத் தொட்டாள்.

மறுபடியும் முதலிலிருந்து.

அம்மா அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பாஸுதான்," என்றாள் அத்தை கடைசியில். "பதினாறு எடுத்துட்டுப் பாஸாயிருக்கா."

தாளைத் திருப்பிக் கொடுக்கவில்லை.

"நானும் எம் ப்ளஸ் டூவுல மொதக் கட்டத்த மட்டும் பாத்துட்டுத்தான் ஓடியாந்தேன், மதினி. மார்க் ஷீட்டு வாங்கப் பள்ளிக்கூடத்துப் பக்கமே போகல."