கையெழுத்துக்கு முன்

"பேங்க்காரன் கையை விரிச்சுட்டான் மேடம். என்ன பண்றதுன்னே தெரியலை." போனில் சொல்லும்போது ட்ரெவரின் குரல் உடைந்தது. அழுதுவிடுவான் போலிருந்தது.

எதிரே உட்கார்ந்திருந்த அவன் மனைவி மோயிரா, பிரமாதம் என்று கட்டை விரலை உயர்த்திக் காட்டினாள்.

வங்கி கையை விரிக்கவில்லை. கேட்ட கடன் முழுவதும் போன மாதமே பாஸாகிவிட்டது. நாளை காலை வீட்டுக்குக் கையெழுத்து. அதற்குள் விலையில் பதினைந்தாயிரம் பவுண்டைக் கறந்துவிட வேண்டும் என்பது மோயிராவின் அண்ணன் கீத் சொல்லிக்கொடுத்த வித்தை. இங்கிலாந்தில் கையெழுத்தாகும்வரை பேசின விலை வெறும் பேச்சுதான். மாற்றிப் பேசினால் யாரும் வழக்குப் போட முடியாது.

"பதினஞ்சாயிரம் குறைச்சாதான் எங்களால வாங்க முடியும்," என்று முடித்தான்.

மறுமுனையில் வீட்டுத் தரகர் பிரிட்ஜெட் பெருமூச்சு விட்டாள். "கடைசி நாள்ல வந்து இப்படிச் சொன்னா எப்படி சார்? சரி, கேட்டுப் பார்க்கறேன்."

போனை வைத்ததும் ட்ரெவருக்குத் தன் மேலேயே அருவருப்பாக இருந்தது. வீட்டை விற்கும் ஹோலிங்ஸ் தங்கமான மனிதர். பார்க்கப் போனபோது டீ கொடுத்து, பாய்லர் நின்றுபோனால் எங்கே தட்ட வேண்டும் என்பதுவரை சொல்லிக்கொடுத்தவர்.

"இனிமே அவர் மூஞ்சில எப்படி முழிக்கிறது?"

"ஏன் முழிக்கணும்? சாவியைத் தரகர்கிட்ட குடுத்துட்டுப் போயிடுவார்," என்றாள் மோயிரா. "அவர் மட்டும் கைக்காசையா போடப்போறார்? தான் வாங்கற வீட்டுல குறைச்சுக் கேப்பார். அவங்க தங்களுக்கு மேல, தங்களுக்கு வீடு விக்கறவங்ககிட்ட கேப்பாங்க. கடைசியா யார் தலையிலயோ விழும். அது யாருன்னு நமக்குத் தெரியவே போறதில்லை."

அதென்னவோ உண்மைதான். ட்ரெவர் வாங்கினால்தான் ஹோலிங்ஸ் தன் புது வீட்டை வாங்க முடியும். ஹோலிங்ஸ் வாங்கினால்தான் அவருக்கு விற்பவர் நகர முடியும். இப்படிச் சங்கிலியாக எல்லோரும் ஒரே வெள்ளிக்கிழமை சாமான்களை ஏற்றியாக வேண்டும். நடுவில் ஒருவர் முறுக்கிக்கொண்டால் அத்தனை பேர் வீடும் போச்சு. அந்தப் பயத்தில்தான் கீத்தின் வித்தை பலிக்கிறது.

பதினொரு மணிக்கு அம்மாவின் அழைப்பு வந்தது. ட்ரெவர் எடுக்கவில்லை. ஊரின் மறுகோடியில் இருந்த அவளும் அந்த வெள்ளிக்கிழமைதான் வீட்டைக் காலி செய்துகொண்டு மோர்கம் கடற்கரையில் உள்ள முதியோர் இல்லத்துக்குப் போகிறாள். சாமான் ஏற்ற வர முடியாது என்று அவன் போன வாரமே சொல்லியாகிவிட்டது. தவிர, குரலை வைத்தே அவன் திருட்டுத்தனத்தைக் கண்டுபிடித்துவிடுவாள்.

பன்னிரண்டுக்கு அம்மா மறுபடி அழைத்தாள். ட்ரெவர் போனைக் கவிழ்த்து வைத்தான்.

ட்ரெவர் சாண்ட்விச்சைப் பாதியில் வைத்தான். "வேண்டாம் மோயிரா. பழைய விலைக்கே வாங்கிக்கறோம்னு போன் பண்ணிச் சொல்லிடறேன்."

"சொல்லு. பதினெட்டு வருஷமா வாடகை வீட்டுச் சுவத்துல பூஞ்சணம் துடைச்சுக்கிட்டிருக்கேன். புது வீட்டுக்குப் போயும் ஒழுகற கூரையை மாத்தக் காசில்லாம வாளி வெச்சு மழைத்தண்ணி பிடிக்கறேன். உனக்கு உன் மானம்தானே முக்கியம்?"

அவன் போனை எடுத்தான். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுக் கீழே வைத்தான். மோயிராவைச் சாக்காக்கிக்கொண்டு தானும் அந்தப் பணத்துக்கு ஆசைப்படுகிறோம் என்பது அவனுக்கே தெரிந்துதான் இருந்தது.

மூன்று மணிக்கு பிரிட்ஜெட் கூப்பிட்டாள். "உங்களுக்கு நல்ல நேரம் சார். ஒத்துக்கிட்டாங்க."

"யாரு, ஹோலிங்ஸா?"

"அவர் ஒரு பவுண்டுகூட விட்டுக்குடுக்கலை. அவருக்கு மேல இருக்கறவங்களும் கிடையாது. சங்கிலி உச்சியில இருக்கறவங்கதான் மொத்தத்தையும் ஏத்துக்கிட்டாங்க."

"அவங்க எப்படிப்பட்டவங்க?"

"அதெல்லாம் எனக்குத் தெரியாது சார், வேற தரகர் பாக்கறாங்க. இனிமே வீடு எதுவும் வாங்கப்போறதில்லையாம். மேல தள்ளிவிட அவங்களுக்கு ஆள் இல்லை பாருங்க."

மோயிரா அண்ணனுக்குச் செய்தி சொல்ல மாடிக்கு ஓடினாள். ட்ரெவர் எச்சில் தட்டுக்கு முன்னால் அப்படியே உட்கார்ந்திருந்தான். ஜெயித்த மாதிரியே இல்லை. யாருடைய பையிலோ கைவிட்டுத் திருடின மாதிரி வெட்கமாக இருந்தது. அந்த ஆளின் முகம் தெரியாது என்பது ஒன்றுதான் ஆறுதல்.

அம்மாவிடமாவது நாலு வார்த்தை நல்லபடியாகப் பேசுவோம் என்று தோன்றியது. அழைத்தான்.

"எங்கடா போயிட்டே? ரெண்டு தடவை அடிச்சேன்," என்றாள் அம்மா.

"வேலையா இருந்தேம்மா. என்ன விஷயம்?"

"உன்னை ஒரு வார்த்தை கேட்டுக்கலாம்னுதான். என் வீட்டு விலையில திடீர்னு பதினஞ்சாயிரம் குறைக்கச் சொன்னாங்க. மதியத்துக்குள்ள பதில் வேணும்னாங்க. நீ எடுக்கலை. நானே சரின்னுட்டேன்."

ட்ரெவர் மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டான்.

"ஏம்மா ஒத்துக்கிட்டே?"

"பரவாயில்லைடா. கடலைப் பாத்த ரூம் வேண்டாம், பின்பக்கத்து ரூமே போதும்னு ஹோம்ல சொல்லிட்டேன். நான் முடியாதுன்னா கீழே இருக்கற அத்தனை பேருக்கும் வீடு இல்லாம போயிடுமாம். அடியில நிக்கற ஆளு, பேங்க்காரன் கைவிட்டுட்டான்னு சொல்லி போன்லயே அழுதுட்டானாம்."

அம்மா உச்சுக்கொட்டினாள்.

"யாரு பெத்த பிள்ளையோ, பாவம்."