இடப்பக்கப் பள்ளம்

வருடத்தின் கடைசிச் சவாரியில் ஒன்பது சைக்கிள்கள் ஒன்றன்பின் ஒன்றாக மலைச்சாலையில் இறங்கிக்கொண்டிருந்தன. முன்னால் போகிறவர் பள்ளத்தைக் கண்டால் கையை நீட்டிக் காட்டுவார். ஒவ்வொருவரும் அதைத் தன் பின்னால் வருகிறவருக்குக் காட்ட வேண்டும். கையை எடுக்க முடியாவிட்டால் கத்த வேண்டும். இமெல்டா எட்டாவது ஆள். அவளுக்குப் பின்னால் கடைசியாக வைரவன். காலையில் மேகத்தைப் பார்த்து அவள் தயங்கியபோது, “பயமா இருந்தா சைக்கிள லாரில ஏத்திட்டு வாங்க மேடம்” என்று எல்லோர் முன்னிலும் சொல்லிச் சிரித்தவன். பாதி இறக்கத்தில் மழை பிடித்துக்கொண்டது. சாலையைத் தண்ணீர் மூடியது. அந்த மழையிலும் நான்கு பள்ளங்களை அவனுக்குக் காட்டிவிட்டாள். ஐந்தாவதற்கு, முன்னால் போன சூசையின் கை இடப்பக்கம் நீண்டது. அவள் விரல்கள் பிரேக்கிலேயே இருந்தன. வாயைத் திறந்தாள்; மழைத்தண்ணீர் உள்ளே போனது; கத்தாமலே மூடிக்கொண்டாள். பள்ளத்தை ஒட்டி வளைந்து தாண்டினாள். அவ்வளவு நேரமும் முதுகுக்குப் பின்னால் கேட்டுக்கொண்டிருந்த செயின் சத்தம் நின்றுபோயிருந்தது. வளைவில் சூசை திரும்பாமலே குரல் கொடுத்தான்: “வைரவன் வர்றானா?” “வர்றாரு” என்றாள். பிறகு இடது கையைப் பிரேக்கிலிருந்து எடுத்து, பின்னால் ஆள் வருவதுபோல, பள்ளமே இல்லாத சாலையைக் காட்டினாள்.