அரைத்த கை

"மருதாணியைப் பொம்பளை கையால, அம்மியில வச்சு அரைக்கணும். ஆம்பளை கை பட்டா வெளுத்துப் போயிரும். இது நம்ம வீட்டு வழக்கம்." மகள் மீனுவின் கல்யாணத்துக்கு மருதாணி அரைக்கும் பொறுப்பைப் புது மருமகள் சிவரஞ்சனியிடம் ஒப்படைத்தபோது, சத்தியமூர்த்தி இதை அரை மணி நேரம் விளக்கினார்.

சிவரஞ்சனி அம்மிக் குழவியைத் தொட்டதே இல்லை. யாருக்கும் தெரியாமல் பின்கட்டில் உட்கார்ந்து மைய அரைத்துக் கொடுத்தவன் அவள் கணவன் காசி.

மறுநாள் காலையில் மீனுவின் கை குங்குமமாகச் சிவந்திருந்தது.

"பாத்தீகளா, நான் சொல்லலை?" என்று மாமனார் நிமிர்ந்து உட்கார்ந்தார். "அரைச்ச கை இதைவிடச் செவந்திருக்குமே. எங்கே மருமகளே, உன் கையை நீட்டு, பாப்போம்."

சிவரஞ்சனி வெள்ளை வெளேரென்ற உள்ளங்கைகளை முந்தானைக்குள் ஒளித்தாள். பிறந்த வீட்டு மானம் இன்றோடு போயிற்று என்று நினைத்தாள். அந்த நேரம் பார்த்துத்தானா காசி காபி டம்ளருக்குக் கையை நீட்ட வேண்டும்?

மாமியார் சீதை அந்தக் கையைப் பிடித்துத் திருப்பினாள். விரல் இடுக்கு வரை செக்கச் செவேல்.

"ஏண்டா, அரைக்கையில பாலித்தீன் கவரை மாட்டிக்கிட வேணாமா? உன்னைப் பெத்த அப்பச்சிகிட்டக் கேட்டா சொல்லியிருப்பாகல்ல. முப்பது வருசமா இந்த வீட்டுல அவுகதானே அரைக்கிறாக."

முந்தானையை உதறிவிட்டு, சிவரஞ்சனி விரித்த கையோடு எழுந்தாள்.

"மாமா, உங்களுக்குக் காபி?"

குன்றக்குடியில் அவசர வேலை இருப்பதாகச் சொல்லி, அவர் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தார்.