டிரைவர் ஐயாவின் ரத்த அழுத்தம்

ரத்த அழுத்தம் இன்றைக்கும் சரியாக இருந்துவிட்டால், ஆம்புலன்ஸில் வேலை பார்க்கும் பெண் இனி அதைச் சோதிக்க வாராவாரம் வீடு தேடி வரமாட்டாள். அது தெரிந்துதான், பஸ் ஓட்டி ஓய்வுபெற்ற டிரைவர் ஐயா, அவள் வருகிற நேரம் பார்த்து மாடிப்படியில் ஓடி ஓடி ஏறி இறங்கிவிட்டு, மூச்சிரைக்கக் கதவைத் திறக்கிறார்.

"என்னய்யா, பஸ்ஸைத் தள்ளிக்கிட்டு வந்தீங்களா?"

"சும்மா, காலாற நடந்தேம்மா."

"அப்போ கொஞ்ச நேரம் உக்காருங்க. இளைப்பு நிக்கட்டும், அப்புறம் பாக்கலாம். பேசக் கூடாது."

அவர் காலையிலேயே துடைத்துப் போட்ட எதிர் நாற்காலியில் அவள் உட்கார்கிறாள். ஜன்னல் வெயில் மேசைமேல் ஏறி மாத்திரை டப்பாவில் நிற்கிறது. சொல்ல எவ்வளவோ சேர்த்து வைத்திருக்கிறவர், வாயை மூடிக்கொண்டு, அவள் பைக்குள் எதையோ துழாவுகிற சலசலப்பைக் கேட்டுக்கொண்டிருக்கிறார். வீட்டில் இன்னொரு ஆள் இருக்கிற சத்தம். பாழாய்ப்போன நெஞ்சு, அந்தச் சத்தத்துக்கே தட்டிக்கொடுத்த பிள்ளைபோல அடங்கிவிடுகிறது. கையில் சுற்றிய பட்டை இறுகுகிறது. புஸ்ஸென்று காற்று இறங்குகிறது.

"வாலிபப் பையன் மாதிரி இருக்குய்யா. இனிமே நான் வர வேண்டியதே இல்ல."

அவர் சிரித்துத் தலையாட்டுகிறார். அவள் பட்டையைச் சுருட்டும்போது, சட்டையின் மறு கையை மெல்ல மேலே மடித்துவிடுகிறார்.

"இந்தக் கையிலயும் ஒரு தடவை பாத்துடும்மா."

அவள் வாசலைப் பார்க்கிறாள், அவரைப் பார்க்கிறாள்.

"அதுக்கு மறுபடியும் கொஞ்ச நேரம் உக்காரணுமே," என்று சொல்லி, நாற்காலியை அருகே இழுத்துப் போட்டுக்கொள்கிறாள்.