முதுகுப் பக்கம்

கருப்பட்டி இந்த முறையும் ராமாமணியிடமே வந்து நின்றது.

கொல்லைப்புறத்தில் இரண்டு பெண்கள் ஆளுக்கொரு ஓரமாக உட்கார்ந்திருந்தார்கள். கொய்யா மரத்தடியில் பொற்கொடி, கையில் வேகவைத்த கோழி ஈரலோடு. துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் ராமாமணி, வெறுங்கையோடு. ஈரலை விட்டுவிட்டு வெறுங்கையைத் தேடி வருகிற நாயை என்னவென்று சொல்வது.

இது நாலாவது ஞாயிற்றுக்கிழமை. பொற்கொடி கோபிசெட்டிபாளையத்தில் செடி நர்சரி வைத்திருப்பவள். இந்த நாயைத் தத்தெடுக்கத்தான் வாராவாரம் சிங்காநல்லூர் வரைக்கும் வந்து போகிறாள். நல்ல பெண், குரலை உயர்த்தத் தெரியாதவள். அவளைக் குறை சொல்ல எதுவும் இல்லை.

புதன்கிழமை ராமாமணிக்கு ஆபரேஷன். மார்பில் மறுபடியும் கட்டி வந்துவிட்டது. டாக்டர் இந்த முறை தேதியைச் சொன்னாரே தவிர, தைரியம் சொல்லவில்லை.

பொற்கொடிக்கு இது தெரியாது. தெரிந்தால் பரிதாபத்துக்காகத் தூக்கிக்கொண்டு போவாள். பரிதாபம் எத்தனை நாளைக்கு வரும் என்று ராமாமணிக்குத் தெரியும். நாய் தானாக அவளிடம் போக வேண்டும். கயிற்றில் கட்டி இழுத்துப் போனால், போன இடத்தில் வேலியைத் தாண்டி ஓடிவிடும். யார் கூப்பிட்டாலும் திரும்பாது. இன்றைக்குப் போகாவிட்டால் மறுபடியும் நாய்க் காப்பகத்துக்குத்தான். காப்பகம் என்றால் கூண்டு.

கூண்டில்தான் அது நாலு வருஷம் கிடந்தது. குட்டி விற்கிற ஒருவனின் தகரக் கொட்டகையில், குட்டி போட்டுப் போட்டுக் கொடுத்துக்கொண்டு. காப்பகத்துக்காரர்கள் மீட்டு ராமாமணியிடம் வளர்க்கக் கொடுத்தபோது அதற்கு மண்ணில் நடக்கத் தெரியவில்லை. குக்கர் விசிலுக்குப் பயம், துடைப்பத்துக்குப் பயம். எல்லாவற்றையும்விட மனிதக் கண்ணுக்குப் பயம். யாராவது நேராகப் பார்த்தால் நின்ற இடத்திலேயே மூத்திரம் போய்விடும்.

அதைப் பார்க்காதீர்கள், முதுகைக் காட்டி உட்காருங்கள், அதுவாக வரட்டும் என்றார்கள் காப்பகத்தில்.

ராமாமணி உட்கார்ந்தாள். தையல் கம்பெனி வேலை முடிந்து வந்ததும் தினமும் ஒரு மணி நேரம், சுவரைப் பார்த்தபடி. சுவரோடு குடித்தனம் நடத்துகிறாள் என்று பக்கத்து வீட்டில் சிரித்தார்கள். நாற்பத்தோராம் நாள் அவள் முதுகில் ஈரமாக ஒரு மூக்கு பட்டது. அவளுக்கு அழுகை வந்தது. அதையும் அசையாமல்தான் அழ வேண்டியிருந்தது.

அதன் பிறகு கூப்பிட்டால் வர ஆரம்பித்தது. பத்து மாதத்தில் குக்கர் பழகியது, துடைப்பம் பழகியது. கண் மட்டும் பழகவில்லை. அவளும் வற்புறுத்தவில்லை. ஓரக்கண்ணால் பார்த்ததோடு சரி.

“வா கண்ணு,” என்று மறுபடியும் கூப்பிட்டாள் பொற்கொடி.

கருப்பட்டி அவள் பக்கமாக இரண்டடி வைத்து நின்றது. தன் முகம் தெரிவதுதான் அதைத் தடுக்கிறது என்று ராமாமணி நினைத்தாள். சட்டென்று சுவர்ப் பக்கமாகத் திரும்பிக்கொண்டாள், உனக்கும் எனக்கும் இனி ஒன்றுமில்லை என்பது போல.

எவ்வளவு பெரிய தப்பு. முதுகைக் காட்டினால் வேண்டாம் என்று அர்த்தம், மனிதர்களுக்கு. கருப்பட்டிக்கு அவளே கற்றுக்கொடுத்தது வேறு. அது திரும்பி ஓடிவந்து, அவள் முதுகில் உடம்பைச் சாய்த்து உட்கார்ந்துகொண்டது.

ராமாமணிக்கு ஆத்திரமாக வந்தது, தன் மேலேயே. இவ்வளவு நன்றாகவா ஒருத்தி சொல்லிக்கொடுப்பாள்.

“உடுங்க அக்கா,” என்றாள் பொற்கொடி. “அதும் பாவமுங்க. நான் அடுத்த வாரம் வாரனுங்க.”

“வேண்டாமுங்க அம்மணி. நீங்க மரத்தப் பாத்துத் திரும்பி உக்காந்துக்குங்க. என்ன ஆனாலும் இந்தப் பக்கம் பாத்துப்போடாதீங்க.”

பொற்கொடி ஒன்றும் புரியாமல் திரும்பி உட்கார்ந்தாள்.

ராமாமணி மெல்ல நாயின் பக்கம் திரும்பினாள். கருப்பட்டி வாலை ஆட்டிக்கொண்டு நிமிர்ந்தது. அவள் முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை. குனிந்து, இமைக்காமல், அதை நேருக்கு நேர் பார்த்தாள்.

முதலில் வால் நின்றது. பிறகு கால்களுக்கு நடுவே போயிற்று. அதன் அடியில் தரை நனைந்தது. போதும், போதும் என்று ராமாமணிக்குள் ஏதோ கதறியது. அவள் பார்வையை எடுக்கவில்லை.

கருப்பட்டி ஒரு அடி பின்னால் நகர்ந்தது. இன்னும் ஒரு அடி. தன்னைப் பார்க்காத ஒரு முதுகு கிடைக்கும்வரை நகர்ந்துகொண்டே போயிற்று.

“அக்கா, வந்துருச்சுங்க!” பொற்கொடி திரும்பாமலே கிசுகிசுத்தாள். “என்ற முதுகுல ஒட்டிக்கிட்டு உக்காந்திருக்குதுங்க.”

கருப்பட்டி அங்கிருந்து நடுங்கியபடி ராமாமணியையே பார்த்துக்கொண்டிருந்தது. பத்து மாதம் ஒரே வீட்டில் இருந்தும், அதன் கண்கள் தேன் நிறம் என்று அவளுக்கு இன்றைக்குத்தான் தெரிந்தது.